மேல் அலமாரியின் ரோஸ் விளிம்பு

வண்டி வாசலுக்கு வந்த முதல் நாளே அக்காவின் கையைப் பதம் பார்த்துவிட்டது.

வண்டி என்றால் தானாக ஓடுகிற வண்டி இல்லை. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற கேரவன். கீழே ஒரு படுக்கை, மேலே ஒரு குறுகல் படுக்கை, கைக்குட்டை அகலத்துக்கு ஒரு சமையல் மேடை, சுற்றிலும் அலமாரிகள் என்று ஒரு குடித்தனத்துக்கு வேண்டியதையெல்லாம் அதன் வயிற்றுக்குள் திணித்து வைத்திருந்தார்கள். முட்டையைப் படுக்க வைத்து அதில் சன்னல் வெட்டின மாதிரி இருக்கும். மொத்தமும் ஃபைபர் கிளாஸ். வெளியே தடவினால் வழவழவென்று கை வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே சங்கதி வேறு. சன்னல், சக்கரத்துக்கு மேலே புடைத்த மேடு, அலமாரி வாய் என்று ரம்பம் வைத்து அறுத்த இடங்களையெல்லாம் தேய்க்காமல் அப்படியே விட்டு, மேலே ஒரு துணியை ஒட்டி மறைத்திருந்தார்கள். அந்தத் துணி பூஞ்சணம் பிடித்து நாறுகிறதென்று அக்கா உரித்து எறிந்தாள். எறிந்த கையோடு அலமாரிக்குள் கையை விட்டாள். "ஐயோ!" என்று வெளியே எடுத்தாள்.

"நடிகைங்க உக்கார்ற கேரவன்ல சோபா, கண்ணாடி எல்லாம் இருக்குமாம். நமக்கு வந்து வாய்ச்சிருக்கு பாரு, முள்ளம்பன்றி!"

கையில் ஏறியிருந்தது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி நார். தங்கைதான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒட்டும் டேப்பை வைத்து வைத்து எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டாள். அவளுக்கு இந்த மாதிரி நுணுக்கு வேலையெல்லாம் கைவந்த கலை. பிழைப்பே அதுதான். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, பல்செட் செய்து கொடுப்பவள் அவள். வீட்டில் அவளுக்குப் பெயர் நோண்டி. சுவர்ச் சுண்ணாம்பிலிருந்து விருந்தாளிகள் கொண்டு வரும் பெட்டி வரை எதையும் நோண்டாமல் விட்டதில்லை என்பதால் சின்ன வயதில் அக்கா வைத்த பெயர். ஆயுளில் பாதியைப் பேருந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற அக்காவுக்கு, இனிமேல் நிறுத்தம் நிறுத்தமாக நிற்காமல் நேரே கடற்கரை வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் இரண்டு பேரும் சேர்ந்து இதை வாங்கினார்கள். நோண்டியின் கணவர், "எங்க வேணா போங்க, என் தூக்கத்தை மட்டும் கெடுக்காதீங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

"ஒரு துணிய வாங்கி மேல ஒட்டிட்டுக் கிளம்பலாம்டி" என்றாள் அக்கா.

"துணிக்கு அடியில முள் முள்ளாவேதான் இருக்கும். முதல்ல தேய்ச்சு மழுக்கணும். குழி இருந்தா அடைக்கணும். அப்புறம்தான் மூடணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஆகற வரைக்கும் ஆகும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து நோண்டி வண்டிக்குள் குடியேறினாள். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் தடித்த முகமூடி. முதலில் அரத்தால் முனைகளை மழுக்கினாள். பிறகு உப்புக்காகிதத்தைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தாள். ஈரமாகத் தேய்த்தால் தூள் பறக்காது, தோலில் ஏறாது. முரட்டுக் காகிதம், நடுத்தரம், மென்மையானது என்று ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் ஒரு பஞ்சை எடுத்து விளிம்பு நெடுக இழுத்துப் பார்ப்பாள். எங்கேயாவது ஒரு இழை மாட்டினால் போச்சு, திரும்பவும் முதலிலிருந்து. பல்செட்டை டாக்டருக்கு அனுப்புவதற்கு முன் அவள் செய்கிற சோதனையும் இதுதான். ஈறில் கடுகளவு உறுத்தினாலும் மனிதனுக்குச் சோறு இறங்காது. அதைக் கண் காட்டிக் கொடுக்காது, பஞ்சு காட்டிக் கொடுத்துவிடும்.

சன்னல்கள் முடிந்தன. சக்கர மேடுகள் முடிந்தன. மேல் படுக்கையின் தலைமாட்டில் இருக்கிற அலமாரிக்கு வந்து, வழக்கம்போல முதலில் பஞ்சை இழுத்துப் பார்த்தாள். பஞ்சு எங்கும் மாட்டாமல் சறுக்கிக்கொண்டு போயிற்று.

நோண்டிக்கு ஆச்சரியம். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவினாள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், அந்த ஓர் இடம் மட்டும், வழவழவென்று உருண்டு திரண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் முள், அந்தப் பக்கம் முள். விளக்கை எடுத்துக்கொண்டு போய் அண்ணாந்து பார்த்தாள். அழுக்குக்கு அடியில் ரோஸ் நிறம்.

பல் பட்டறையிலிருந்து கொண்டு வந்திருந்த சின்ன மெஷினால் ஓரத்தில் துளி சுரண்டினாள். முகமூடியைக் கீழே இறக்கி மோந்து பார்த்தாள். இனிப்பும் காரமுமாக மூக்கில் ஏறுகிற அந்த நெடி! பொடியும் திரவமும் கலந்து பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற அதே பிசின். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"அக்கா! அக்கா! ஓடி வா! இந்த வண்டியில நம்ம ஆள் ஒருத்தர் இருந்திருக்காங்க!"

அக்கா அரக்கப்பரக்க ஓடி வந்தாள். "யாரு? எங்க? உள்ளயா?"

"இதைப் பாரு. பல்செட் பிசின். என்னை மாதிரியே பல்லு கட்டுற யாரோதான் இதைப் போட்டிருக்கணும்."

"நல்லதாப் போச்சு. ஒரு இடம் மிச்சம். அடுத்த இடத்தைத் தேய்."

"அது எப்படி அக்கா விட முடியும்? இவ்வளவு முள் இருக்கிற வண்டியில இந்த ஒரு இடத்தை மட்டும் ஏன் போடணும்? அதுவும் தலைமாட்டுல? கைக்கு எட்டுற அலமாரியெல்லாம் விட்டுட்டு?"

"ஏன்னா அவங்களுக்கு வேற வேலை இருந்திருக்கும். உன்ன மாதிரியா?"

நோண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு இடித்தது. பல்செட்டுப் பொடியில் மெல்லிய சிவப்பு நூல் துணுக்குகள் கலந்திருக்கும். ஈறில் ரத்த நரம்பு ஓடுகிற மாதிரி தெரிவதற்காக. இதில் அது இல்லை. பழைய காலத்துச் சரக்காக இருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒன்றை நம்புவது என்று முடிவு செய்துவிட்டால் சமாதானத்துக்கா பஞ்சம்?

வண்டியை விற்றவர் ஒரு ஏசி மெக்கானிக். அவருக்கு ஃபோன் போட்டாள்.

"எனக்கு முன்னாடி யாருகிட்ட இருந்துச்சா? ஒரு அம்மாகிட்ட வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, சாவிக்கடை பக்கத்துல கடை வெச்சிருக்காங்க."

"பல்லு கட்டுறவங்களா?"

"அதெல்லாம் கவனிக்கலம்மா. மேசை மேல பொடி, பிரஷ், குட்டிக்குட்டி பாட்டிலுன்னு என்னென்னவோ இருந்துச்சு. ஏன்மா, வண்டி ஒழுகுதா?"

பொடி, பிரஷ், பாட்டில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நோண்டிக்குத் தலைகால் புரியவில்லை. "கடலுக்குப் போறப்ப வழியிலதானே பஸ் ஸ்டாண்டு" என்று சொல்லி அக்காவைக் காரில் ஏற்றினாள். கடல் நேரெதிர்த் திசையில் இருந்தது. அக்காவுக்குத் தெரியாத சாலையா? தெரிந்தும் ஓட்டினாள். அவளுக்கும் உள்ளூர ஒரு குறுகுறுப்பு வந்துவிட்டிருந்தது.

சாவிக்கடைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்னக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக பிளாஸ்டிக் கைகள், விரல்களை விரித்து நின்றன. ஒவ்வொரு விரலிலும் ஒவ்வொரு நிறத்தில் நீள நகம். நோண்டி திகைத்து நின்றாள். ஒருவேளை பல்லுக்கடை மாடியில் இருக்குமோ என்று அண்ணாந்து பார்த்தாள். மாடியே இல்லை. அக்கா கதவைத் தள்ளினாள். உள்ளேயிருந்து குப்பென்று அடித்தது அதே நெடி.

மேசைக்கு அந்தப் பக்கம், நெற்றிக்குமேல் ஒரு கண்ணாடியும் மூக்கின் மேல் ஒரு கண்ணாடியுமாக ஒரு அம்மா, எதிரே இருந்த பெண்ணின் விரலைப் பிடித்து பிரஷ்ஷால் எதையோ பூசிக்கொண்டிருந்தாள். "உக்காருங்க. இவங்களுக்கு இன்னும் ரெண்டு விரல் பாக்கி."

நோண்டியால் பொறுக்க முடியவில்லை. "நீங்க பல்லு கட்டுறவங்கதானே?"

அந்த அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "பல்லா? நகம்மா, நகம்."

அக்கா முதலில் இருமுவதுபோல நடித்தாள். பிறகு முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நகம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தாள். நோண்டி அசடு வழிய உட்கார்ந்து, மேசையில் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள். ரோஸ் பொடி. பக்கத்தில் திரவம். அவள் பட்டறையில் இருப்பதற்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. சிவப்பு நூல் மட்டும் இல்லை. நகத்துக்கு எதற்கு ரத்த நரம்பு?

வந்த பெண் நகத்தை ஆட்டிக்கொண்டு கிளம்பிப் போனதும் கேரவன் பேச்சை எடுத்தார்கள். நகக்கடைக்காரம்மாவின் முகம் சட்டென்று இறுகியது. "வித்தது வித்ததுதான். இப்ப வந்து ஒழுகுது, ஓட்டைன்னா நான் என்ன செய்ய?"

"ஐயோ, அதெல்லாம் இல்லங்க" என்றாள் நோண்டி. "மேல் அலமாரியில, தலைமாட்டுல, ரோஸ் கலர்ல ஒண்ணு போட்டிருக்கீங்களே. ஏன் போட்டீங்கன்னு கேக்கத்தான் வந்தோம்."

"இதைக் கேக்கவா இவ்வளவு தூரம்?"

"இவ பிறவிக்குணம் அது" என்றாள் அக்கா. "பதில் சொல்லிடுங்க. இல்லன்னா இங்கயே படுத்துடுவா."

கடைக்காரம்மா பிரஷ்ஷைத் துடைத்து வைத்தாள். இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினாள்.

"அந்த வண்டியிலதான் நானும் என் பொண்ணும் குடியிருந்தோம். ஒரு சிநேகிதி தன் வீட்டுக்குப் பின்னாடி நிறுத்திக்கோன்னு இடம் கொடுத்தா. பகல்ல நகம் போடக் கத்துக்கிற வகுப்புக்குப் போவேன். பொண்ணு மேல் படுக்கையில படுப்பா. அவளுக்கு ஒரு பழக்கம். எதையாவது விரலால தேய்ச்சுக்கிட்டே இருந்தாத்தான் தூக்கம் வரும். வீட்டுல இருந்தப்ப ஒரு போர்வை நுனி இருந்துச்சு. அதை எடுத்துட்டு வர முடியல. அதனால தலைக்கு மேல இருந்த அலமாரி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டா. அப்ப அது மேல துணியெல்லாம் ஒட்டல. காலையில பார்த்தா விரலெல்லாம் முள்ளு, தடிப்பு, அரிப்பு. சொன்னாக் கேக்கற வயசா? என் கையில இருந்தது வகுப்புல கொடுத்த பொடி மட்டும்தான். மிச்சம் மீதியைக் கொண்டு வந்து கொஞ்சம் கொஞ்சமாப் பூசி, நகம் தேய்க்கிற அரத்தாலயே தேய்ச்சேன். சொல்லப்போனா நான் தொழில் கத்துக்கிட்டதே அந்த அலமாரி மேலதான்."

நோண்டி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எதற்காக வீட்டை விட்டு வந்தீர்கள், யாரிடமிருந்து, போர்வையைக்கூட எடுக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன அவசரம் என்று கேள்விகள் நாக்கின் நுனியில் வரிசை கட்டி நின்றன. அக்கா மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். மிதித்திருக்க வேண்டியதில்லை.

"ஒரு தடவை வந்து பாக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டாள் நோண்டி.

கடைக்கு விடுமுறை நாளில் நகக்கடைக்காரம்மா ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "சின்னதாயிடுச்சே" என்றாள். உள்ளே ஏறி, மேல் படுக்கையில் முழங்கால் போட்டு, விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். நோண்டி கைகளைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே கவனித்தாள். கண் கலங்கும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

"சீச்சீ!" என்று சிரித்தாள் அந்த அம்மா. "இவ்வளவு கேவலமாவா போட்டிருந்தேன்? உள்ளுக்குள்ள குமிழ் குமிழா இருக்கு. இதை முதல்ல எடுத்துடணும்."

பையிலிருந்து அரத்தை எடுத்தாள்.

"தொடாதீங்க!" நோண்டி போட்ட சத்தத்தில் வெளியே நாற்காலியில் இருந்த அக்கா எழுந்துவிட்டாள். "அது அப்படியே இருக்கட்டும். அதைச் சுத்தித்தான் மத்ததெல்லாம் செய்யப் போறேன். நீங்க உங்க பொண்ணுக்காகப் போட்டது..."

"பொண்ணுக்கு இப்ப கல்யாண வயசு தாண்டிடுச்சும்மா. இங்க வந்து பாருங்க. அடியில விரிசல் விட்டிருக்கு. எப்ப வேணா தெறிக்கும். தெறிச்சா கத்தி மாதிரி கிழிக்கும். இதே மாதிரி ஒரு பல்லு உங்ககிட்ட வந்தா என்ன பண்ணுவீங்க?"

விரிசலை நோண்டி பார்க்காமல் இல்லை. முதல் நாளே பார்த்தாள். இப்படி விரிசல் விட்ட பல்செட்டை யாராவது கொண்டு வந்தால் ஒட்டித் தரக்கூட மாட்டாள்; புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்புவாள். இதை மட்டும் பார்த்தும் பார்க்காதமாதிரி விட்டிருந்தாள்.

"புதுசாத்தான் செய்யச் சொல்லுவேன்" என்றாள் கடைசியில்.

நகக்கடைக்காரம்மா அரத்தின் முனையை விரிசலுக்குள் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். பூச்சு இரண்டு துண்டாகக் கழன்று படுக்கையில் விழுந்தது. அடியில் பழைய விளிம்பு, நார் நாராக, வெட்டிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே. அந்த அம்மா அதன்மேல் வெறும் விரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

"குத்தும்" என்றாள் நோண்டி.

"தெரியும்."

அந்த அம்மா விரலைப் பார்த்தபடியே கேட்டாள்: "நீங்க ஏன் இதை இப்படித் தேடிக்கிட்டு வந்தீங்க? உண்மையச் சொல்லுங்க."

கேள்வி கேட்டே பழகியவளுக்குத் தன்னிடம் ஒருவர் கேட்டதும் திணறிப்போயிற்று. "எனக்கே தெரியலங்க" என்று ஆரம்பித்தாள். "நான் செய்யற பல்லைப் போட்டுக்கிட்டு ஊரே சாப்பிடுது. யார் செஞ்சதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. உறுத்தினாத்தான் திரும்பி வருவாங்க. உறுத்தலன்னா மறந்துடுவாங்க. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா இங்க ஒண்ணு கொஞ்சம்கூட உறுத்தாம இருந்துச்சா... யாராவது போய்க் கேக்கட்டுமேன்னு தோணுச்சு."

அந்த அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டாள். "சரி, காகிதத்தைக் கொடுங்க. தண்ணி எங்க?"

அன்றைக்கு வேலை சூடு பிடித்தது. இரண்டு பேருக்கும் கை ஒத்துப்போயிற்று. ஒருத்தி தேய்க்க, ஒருத்தி பஞ்சை இழுத்துச் சோதித்தாள். குழிகளில் பட்டிப் பசையை அடைப்பதில் நகக்கடைக்காரம்மா கெட்டி. பிரஷ் நுனியில் ஒரு சொட்டை எடுத்து வைத்தால் அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போகும். நோண்டிக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பசை காய்ந்து, அதையும் தேய்த்து, வெள்ளைப் பூச்சு ஒரு கை கொடுத்துக் காயவிட்டுவிட்டுக் கீழே இறங்கினார்கள். அக்கா தட்டுகளில் சாப்பாட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போதே அந்த அம்மாவின் ஃபோன் அடித்தது. மகள். எங்கேயோ ஒரு பெரிய சமையற்கூடத்தில் வேலை. பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. கையெல்லாம் சோறு என்பதால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள்.

"எங்க இருக்கேன் சொல்லு? நம்ம பழைய வண்டிக்கிட்ட!"

"எந்த வண்டி? அந்த முட்டையா? அது இன்னும் இருக்கா?"

"இருக்கு. உனக்கு அந்த ரோஸ் விளிம்பு ஞாபகம் இருக்கா? உன் தலைமாட்டுல நான் போட்டது. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே தூங்குவ."

"விளிம்பா? இல்லையேம்மா. அப்படி ஒண்ணு இருந்துச்சா?"

நோண்டியின் முகம் விழுந்துவிட்டது. அந்த அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கறது கயிறுதான்" என்றாள் மகள். "கதவைப் பூட்ட முடியாதே, உள்பக்கம் கயிறு போட்டுக் கட்டுவியே. மூணு முடிச்சு. தினமும் கடைசி முடிச்சை என்னைப் போடச் சொல்லுவ. எனக்கு முடிச்சுப் போடத் தெரிஞ்சதே அப்பத்தான்மா. விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஏம்மா அப்படிக் கட்டுவோம்?"

நகக்கடைக்காரம்மா தட்டைப் பார்த்தாள். நோண்டி கேட்காமல் வைத்திருந்ததற்கெல்லாம் பதில் வந்துவிட்டது. இப்படி வரும் என்று தெரிந்திருந்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். எச்சில் கையைக்கூடக் கழுவத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

அக்காதான் குனிந்து ஃபோனுக்குள் பேசினாள், பேருந்தில் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கிற அதே குரலில். "கண்ணு, நான் இந்த வண்டிக்கு இப்ப சொந்தக்காரி. பழைய பூட்டைக் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு போட்டாச்சு. உள்ளேயிருந்து ஒரு திருகு திருகினா யானை வந்தாலும் திறக்காது. நீ லீவுக்கு வா. ஒரு நாள் படுத்துப் பாரு."

"நிஜமாவா ஆன்ட்டி? மேல் படுக்கை எனக்குத்தான்."

"உனக்குத்தான். நான் ஏறினா அது தாங்காது."

ஃபோனை வைத்ததும் அந்த அம்மா எழுந்து போய்க் கையைக் கழுவி, முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தாள். "விளையாட்டுன்னு நினைச்சிருக்கா" என்றாள். "நல்ல வேளை." நோண்டி ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்து நீட்டினாள்.

மாலைக்குள் பூச்சு காய்ந்துவிட்டது. மூடுவதற்கென்று வாங்கி வைத்திருந்த கருப்பு ரப்பர் பட்டையைச் சுருளிலிருந்து பிரித்தார்கள். நடுவில் பள்ளம் விட்டு வார்த்தது. விளிம்பின்மேல் வைத்து அமுக்கினால் கவ்விக்கொள்ளும். அக்காவும் ஏறி வந்தாள். மூன்று பேருக்கும் சேர்ந்து வண்டிக்குள் மூச்சு விட இடமில்லை. ஒருத்தி பட்டையைச் சூடு காட்டி இளக்கினாள், ஒருத்தி வளைவுகளில் பொருத்தினாள். அக்கா ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே, இந்த வேகத்தில் போனால் கடலே நம்மைத் தேடிக்கொண்டு வந்துவிடும் என்று புலம்பினாள்.

பட்டை மேல் அலமாரிக்கு வந்தபோது கொஞ்சம் குறைந்தது. கருப்பு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு.

"கலர் மாறுதே" என்றாள் அக்கா.

"மாறட்டும்" என்றாள் நகக்கடைக்காரம்மா. அதை அவளே எடுத்து, தலைமாட்டில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஓரத்திலிருந்து ஓரம் வரை அமுக்கிக்கொண்டே போனாள்.